பாகல்கானா சித்தி

தாராவியில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் சித்தியை நேரில் ‘சிஸ்டர்’ என்றும், அவள் முனை திரும்பியதும் ‘பாகல்கானா சித்தி’ என்றும் அழைப்பார்கள். அம்மாவின் தங்கை அவள். ஊரில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு பம்பாய்க்கு வந்து, தினமும் ரயிலேறிப் போக வேண்டிய தூரத்தில் இருந்த ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். பாகல்கானா என்றால் இந்தியில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. சித்தியின் கைப்பையில் ஒரு சாட்டை இருக்கிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன். அதனால் எனக்குக் கொஞ்சம் மரியாதையும் கிடைத்தது. உண்மையில் பைக்குள் இருந்தது ஒரு பெரிய சீப்பும் நகவெட்டியும் எண்ணெய்ப் புட்டியும்தான்.

பக்கத்து அறையில் ஒரு மோட்டார் மெக்கானிக் குடியிருந்தார். ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து மனைவியை அழைத்து வந்திருந்தார். அந்த அக்கா எனக்குச் சடை பின்னிவிடுவாள். பின்னும்போதே பாடவும் செய்வாள். ஆண் குழந்தை பிறந்த பிறகு அவளிடம் பாட்டு நின்றது. அப்புறம் தூக்கம் போயிற்று, குளியல் போயிற்று. குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பிரசவ ஆஸ்பத்திரியில் தன் பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்று ஒருநாள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாளாம்.

வரிசையில் எல்லோரும் பேய் என்று முடிவு செய்தார்கள். எந்த ஊர்ப் பேய் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. சித்தி மெக்கானிக்கிடம், “தம்பி, இது வியாதி. பிள்ள பெத்த பொறவு சிலருக்கு வரும். எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, சரியாயிரும்” என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆனால் பாகல்கானா என்ற பெயருக்குப் பயந்து நாளைத் தள்ளிக்கொண்டே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் திரும்பியபோது வரிசை முழுவதும் அந்த வீட்டு வாசலில் நின்றது. கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மெக்கானிக் கையில் கடப்பாரையோடு நின்றார். உடை, உடை என்று தமிழிலும் இந்தியிலும் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

சித்தி அவர் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். “தம்பி, ஒடச்சா அவ பயந்துருவா. பயந்தா என்ன செய்வான்னு சொல்ல முடியாது. எல்லாரையும் கூட்டிட்டுத் தள்ளிப் போங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. கூட்டம் தள்ளிப்போனது, ஆனால் எதையும் தவறவிடாத தூரத்தில் நின்றுகொண்டது. நான் சித்தியின் சேலையைப் பிடித்தபடி இருந்ததால் என்னை யாரும் கவனிக்கவில்லை. சித்தி தன் ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு சாக்கடை ஓரத்தில், அந்தக் கதவை ஒட்டி உட்கார்ந்தாள்.

“ஏ பிள்ள, நான்தான், பக்கத்து வீட்டு சிஸ்டரு. இங்கனதான் உக்காந்திருக்கேன். உள்ள யாரும் வர மாட்டாங்க.”

உள்ளே தண்ணீர் பிடித்து வைக்கும் தகர டிரம்மின் மூடி நகரும் சத்தம் கேட்டது. பின்னால் நின்ற அம்மா என் தோளைப் பிடித்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

“இது எம் பிள்ள இல்ல சிஸ்டர்,” என்றாள் அக்கா உள்ளிருந்து. “இதத் தண்ணிக்குள்ள விட்டாத்தான் எம் பிள்ளையத் தருவாங்களாம். சொல்லிட்டே இருக்காங்க.”

“எனக்கு அந்தச் சத்தம் கேக்கல. உனக்குக் கேக்குன்னு நம்புதேன். நாளெல்லாம் அதையே கேட்டுட்டுக் கிடந்தா பயமாத்தான இருக்கும்?”

குழந்தை இன்னும் பலமாக அழுதது. பிறகு அக்கா, “பயமா இருக்கு சிஸ்டர்” என்றாள்.

“தெரியும். அதான் வந்திருக்கேன்.”

“நீங்களும் இது எம் பிள்ளன்னுதான சொல்லுவீங்க?”

ஆமாம் என்று சித்தி சொல்வாள் என்று நினைத்தேன். அந்தக் குழந்தைக்கு அப்படியே மெக்கானிக்கின் மூக்கு. சித்தியோ, “அத இப்பப் பேச வேண்டாம்” என்றாள். “அது அழுவுதுல்லா, பசிக்கு அதுக்கு. யாரு பிள்ளையா இருந்தாலும் பசிக்கத்தான செய்யும். எங்கிட்டக் குடு, நான் பாத்துக்கிடுதேன். நீ தூங்கி எத்தன நாளாச்சு? கொஞ்சம் படுத்துக்க.”

தாழ்ப்பாள் விலகியது. அக்கா குழந்தையை நீட்டினாள். அதன் சட்டை நனைந்திருந்தது. சித்தி வாங்கிய வேகத்திலேயே அதை அம்மா கையில் கொடுத்துவிட்டாள். கூட்டம் முழுவதும் குழந்தையைச் சூழ்ந்துகொண்டது. சித்தி அக்காவின் கையைப் பிடித்தாள்; அன்று ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அதை விடவில்லை. டாக்சியில் ஏறும்போது மெக்கானிக் உடைந்துபோய்க் கேட்டார். “அங்க போனவங்க திரும்பி வருவாங்களா சிஸ்டர்?”

“நான் தெனமும் போயிட்டு வரலியா? இவளயும் நானே கூட்டிட்டு வருவேன். ஏறுங்க.”

அக்காவின் குழந்தை எங்கள் அறையில் வளர்ந்தது. அம்மா புட்டிப்பால் கொடுப்பாள். தொட்டில் ஆட்டுவது என் வேலை. சித்தி சாயங்காலம் வந்ததும் மெக்கானிக் வாசலில் வந்து நிற்பார். சித்தி சுருக்கமாகச் சொல்வாள். இன்று மாத்திரையைத் துப்பவில்லை. இன்று நன்றாகத் தூங்கினாள். இன்று தானே தலை வாரிக்கொண்டாள். இதெல்லாம் ஒரு சேதியா என்று எனக்கு ஏமாற்றமாக இருக்கும். அவரோ ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போவார். ஒரு சாயங்காலம் சித்தி, “பிள்ள பால் குடிக்கானான்னு கேட்டா. ‘எம் பிள்ள’ன்னு கேட்டா” என்றாள். அன்று அவர் எங்கள் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவந்தார்.

மழைக்காலம் முடிந்த பிறகு, சொன்னபடியே சித்தி அக்காவைக் கூட்டிவந்தாள். அக்கா கொஞ்சம் பருத்திருந்தாள், மெதுவாக நடந்தாள். குழந்தையை வாங்கி அதன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். ஆனால் வெளியே தலைகாட்டவில்லை. யாராவது எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தபடி கடந்துவிடுவாள். மற்றவர்களும் நல்ல மனதோடு அவளுக்குக் குழம்பு கொடுத்தார்கள், தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்கள், அவளிடம் மட்டும் மெல்லிய குரலில் பேசினார்கள்.

ஒரு விடுமுறை நாளில் சித்தி மீன்குழம்புக்கு அரைத்து வைத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“ஏ பிள்ள, வீட்டுல புளி தீந்துபோச்சு. கொஞ்சம் இருந்தாத் தாயேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் ஒரு பானை நிறையப் புளி இருந்தது. போன வாரம்தான் ஊரிலிருந்து வந்திருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தியின் கை என் உச்சந்தலையில் வந்து அழுத்தமாக உட்கார்ந்தது.

அக்கா எழுந்தாள். டப்பாவைத் திறந்து, ஒரு கை அள்ளி, போதாது என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாள். “குழம்புக்கா, ரசத்துக்கா சிஸ்டர்? பழைய புளி, கொஞ்சமாப் போடுங்க” என்றாள். அவள் சித்தியை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள்.

“சரி பிள்ள,” என்றாள் சித்தி, எல்லோரிடமும் பேசும் அதே குரலில்.

திரும்பும்போது எனக்குப் பெரிய குழப்பம். வேதாகமத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற சித்தி, பட்டப்பகலில் இப்படி ஒரு பொய் சொல்லி, எல்லோரும் இரக்கப்பட்டுக் கொடுக்கிற அக்காவிடமே போய்ப் புளி வாங்கி வருகிறாளே என்று அன்று முழுவதும் அவளோடு பேசாமல் இருந்தேன்.