சேரன்மகாதேவியில் ஒரு சொந்தம்

என் அம்மாவின் தாத்தா சீனர். பாளையங்கோட்டையில் பல் கட்டும் கடை வைத்து, உள்ளூர்ப் பெண்ணை மணந்தவர். அவருடைய மூத்த மகள் வழியில் வந்தவன் நான். இளைய மகளின் பேத்தி சேரன்மகாதேவியில் ஆசிரியை என்று விசாரித்து அறிந்து, அவர் வீட்டு வாசலில் நிற்கிறேன்.

கதவைத் திறப்பவருக்கு என் அம்மாவின் கண்கள். வந்த விஷயத்தைச் சொல்கிறேன். உள்ளே அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களின் பேச்சு கேட்கிறது. அவர் வெளியே வந்து கதவைச் சாத்துகிறார்.

"பையப் பேசுங்க அண்ணாச்சி. எங்க வீட்டுல அப்படி யாரும் கெடையாது. யாரோ தப்பாச் சொல்லியிருக்காவ."

நான் வற்புறுத்தவில்லை. வயலோரத்து நிறுத்தத்தில் திருநெல்வேலி பஸ் ஏறி உட்காருகிறேன். பட்டுச்சேலையோடு அவர் வேகமாக நடந்து வருகிறார். மூச்சு வாங்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்.

"அவுக பேரு என்ன? எங்கம்மா கடைசி வரைக்கும் சொல்லல."

"லியூ ஆ சான்."

மெல்லச் சொல்லிப் பார்க்கிறார். தவறாக வருகிறது, திருத்துகிறேன். மறுபடி சொல்கிறார். இந்த முறை சரி. நடத்துநர் விசில் ஊதுகிறார்.

"மவளுக்குக் கல்யாணம் முடியட்டும்," என்கிறார், பஸ்ஸோடு நடந்துகொண்டே. "அவகிட்ட நான் சொல்லிருதேன்."