கழுத்து, மாரு, இடுப்பு, முட்டி

வெட்கத்தை விட்டு ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அம்மா இறந்தபோது யார் யார் எவ்வளவு அழுதார்கள் என்று பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் மார்க் போட்டு வைத்திருந்தேன். பத்துக்கு இத்தனை என்று. அப்போது எனக்கு ஒன்பது வயது.

செந்தூலிலிருந்து வந்த பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததால் அவருக்கு ஒன்பது. நடுவில் ஒருமுறை காப்பி கேட்டதால் ஒரு மார்க் போயிற்று. பக்கத்து வீட்டு ஆன்டிக்கு ஏழு. தம்பிக்கு வயது ஐந்து; அவன் அம்மாவுக்காக அழுகிறானா, மொட்டையடித்ததற்காக அழுகிறானா என்று தீர்மானிக்க முடியாமல் நாலு போட்டேன். எனக்கு நானே எட்டு போட்டுக்கொண்டேன். அப்பாவுக்கு சைபர்.

அந்த சைபரை நான் அவசரப்பட்டுப் போடவில்லை. இரண்டு நாள் கூடவே இருந்து கவனித்துத்தான் போட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது அவர் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் இரவல் வாங்கிய நாற்காலிகளைத் துடைத்து, எந்த வீட்டுடையது எது என்று பார்த்துப் பிரித்து வைத்தார். ஒரு சொட்டு இல்லை. அம்மாவைவிட அந்த நாற்காலிகள் அவருக்கு முக்கியம் என்று முடிவு செய்தேன். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை, அஸ்தி கரைக்கப் போர்ட் கிள்ளானுக்குப் போனோம். அப்பா துறைமுகத்தில் சின்ன லாஞ்சு ஓட்டுகிறவர். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எங்கே ஆழம், எங்கே சேறு என்று அவருக்குத் தெரியும். அங்கே தண்ணீர் வடிந்தால் சும்மா வடியாது. இரண்டு ஆள் உயரம் இறங்கிவிடும். காலையில் கப்பல் போன இடத்தில் மத்தியானம் கொக்கு நடக்கும். அதனால் ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தெரிந்த மீன்காரரிடம் எஞ்சின் வைத்த படகு ஒன்றை இரவல் வாங்கியிருந்தார். உதவிக்கு அவரோடு லாஞ்சில் வேலை செய்யும் ஒருவர் வந்திருந்தார். நாங்கள் அவரைக் கம்பு அங்கிள் என்போம். படகின் முன்னால் நீளக் கம்போடு நின்று ஆழம் பார்ப்பது அவர் வேலை.

ஏழு மணிக்கு மாமா வரவில்லை. பூவும் பாலும் அவரிடம் இருந்தன. ஏழே முக்காலுக்குக் காரிலிருந்து இறங்கியவர் கையில் பூவோடு நாட்காட்டியும் இருந்தது, சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கி வந்ததுபோல.

அந்த வருடம்தான் அரசாங்கம் நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. மற்றவர்கள் முள்ளைத் திருப்பி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மாமாவால் அப்படி விட முடியவில்லை. கடிகாரத்தைத் தள்ளலாம், ராகுவைத் தள்ள முடியுமா என்பது அவர் கேள்வி. நாட்காட்டியில் திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. அது பழைய நேரம். புது நேரத்துக்கு எட்டு முதல் ஒன்பதரை.

"இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு மாப்ள. ஆத்து வாய்க்குப் போறதுக்குள்ள ராகு வந்துரும். ஒன்பதரைக்கு எடுப்போம்."

"மச்சான், தண்ணி வடியுது" என்றார் அப்பா.

"தண்ணி வரும், போகும். ராகு காலம் அப்படியா?"

"அதுவும் தெனமும்தான வருது" என்று கம்பு அங்கிள் கம்பைப் பார்த்துச் சொன்னார். மாமா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அப்பா படகின் கயிற்றை மறுபடி கட்டினார். செத்தது மாமாவின் தங்கை. அந்த உரிமைக்கு முன்னால் லாஞ்சு ஓட்டுகிறவரின் அறிவு எடுபடாது. நான் படித்துறையில் உட்கார்ந்து படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தபோது தண்ணீருக்கு மேல் மூன்று படி தெரிந்தது. ஒன்பதரைக்குப் பதினொன்று தெரிந்தது. கீழ்ப் படிகளில் சிப்பி ஒட்டிக்கொண்டு பச்சையாக வழுக்கியது.

என்னை அழைத்துப் போவதாகவே இல்லை. பொம்பளைப் பிள்ளை அஸ்தி கரைக்க வரக்கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். காரிலேயே இருக்கச் சொன்னார்கள். ஆனால் அஸ்திக் கலயத்தைப் பிடிக்க வேண்டிய தம்பி என் கவுனைப் பிடித்துக்கொண்டு, "அக்கா வந்தாதான் வருவேன்" என்று புரண்டான். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா என்னைத் தூக்கிப் படகில் வைத்துவிட்டார், ஒரு சாமானை வைப்பதுபோல. நன்றியாக இருக்கத் தோன்றவில்லை. சைபர் வாங்கியவர் தொட்டுவிட்டாரே என்றுதான் தோன்றியது.

முன்னால் கம்பு அங்கிள். அவருக்குப் பின்னால் கறுப்புக் குடை விரித்து மாமா. அப்புறம் மடியில் கலயத்தோடு தம்பி. அப்புறம் நான். எனக்குப் பின்னால் எஞ்சின் பிடியோடு அப்பா. படகில் எல்லோரும் முன்னால் பார்த்துத்தான் உட்காருவார்கள். ஓட்டுகிறவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

ஆற்று வாயைத் தாண்டி, பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தீவுகளுக்கு நடுவே போனோம். கம்பு அங்கிள் கம்பைக் குத்திக் குத்தி எடுத்துக் கத்தினார். மீட்டர், அடி எல்லாம் கிடையாது, உடம்புதான் அளவு.

"கழுத்து! கழுத்து! மாரு!"

அப்பா படகை வலப்பக்கம் திருப்புவார்.

"கழுத்து!"

சரியாகிவிட்டது என்று அர்த்தம். எஞ்சின் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று ஒவ்வொரு தடவையும் அவர் பின்னால் திரும்பிக் கத்துவார். அந்தப் படகில் பின்னால் திரும்பிய ஒரே ஆள் அவர்தான்.

"சாவுக் காரியத்துக்குப் போறோம். மாரு, இடுப்புன்னு என்ன பேச்சுப்பா இது?" என்றார் மாமா.

"இதச் சொல்லலன்னா போய்ச் சேர மாட்டோம் சார்."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. மாரு என்றால் திரும்பும். இடுப்பு என்றால் வேகம் குறையும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. பிறகு, "இடுப்பு!" என்றார். வேகம் குறையவில்லை. "இடுப்பு! அண்ணே, முட்டி! முட்டி!" என்றார். படகு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அடியில் யாரோ கையால் மெதுவாகப் பிடித்து நிறுத்தியதுபோல நின்றது.

அப்பாவும் கம்பு அங்கிளும் கீழே குதித்தார்கள். தொடைவரை சேறு. தள்ளினார்கள், ஆட்டினார்கள், படகு அசையவில்லை. அவர்கள் தள்ளத் தள்ளச் சுற்றியிருந்த தண்ணீர் எங்கேயோ அவசர வேலை இருப்பதுபோலப் போய்க்கொண்டே இருந்தது. கால் மணி நேரத்தில் நாங்கள் ஒரு சேற்று மைதானத்தின் நடுவில் இருந்தோம்.

"இருபது வருசமா ஓட்டுறேன்னு சொன்னீங்களே மாப்ள" என்றார் மாமா, குடைக்குள்ளிருந்து கடலைப் பார்த்தபடி.

அப்பா ஏறி வந்து பழையபடி எஞ்சின் பக்கத்தில், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். எஞ்சின் ஓடவில்லை, படகு ஓடவில்லை. முன்னால் குடை நிழலில் வந்து உட்கார்ந்திருக்கலாம். நின்றுபோன படகுக்கு ஓட்டுகிறவர் எதற்கு? படகைச் சேற்றில் ஏற்றியது போதாதென்று பிடிவாதம் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நாலு மணி நேரம் இருந்தோம். சேறு கண்ணுக்கு எட்டிய தூரம் பளபளத்தது. கண் பிதுங்கிய சின்ன மீன்கள் துடுப்பால் நடந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. தூரத்தில் பெரிய கப்பல் ஒன்று ஆழத் தண்ணீரில் போனது. அதன் மேல் ஒரு ஆள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. ஐந்து பேர் ஒரு படகில் இருந்தோம். யாரும் யாரோடும் பேசவில்லை. வீட்டில் அம்மா ஒருத்தி இருந்தால் போதும், எங்கள் எல்லோரையும் மாற்றி மாற்றிப் பேசவைத்துவிடுவாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அவளும் படகில்தான் இருந்தாள்.

தம்பி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். கலயம் சரிந்தது. "புடி புள்ள, புடி!" என்று மாமா பதறினார். பொம்பளைப் பிள்ளை தொடக்கூடாது என்ற சட்டம் அந்த அவசரத்தில் அவருக்கே மறந்துவிட்டது. கலயம் என் மடிக்கு வந்தது. மஞ்சள் துணி கட்டிய வாய். நான் நினைத்ததைவிடக் கனம் குறைவு. வெயிலில் மண் சுட்டுப் போயிருந்தது. கடைசி வாரம் காய்ச்சலில் அம்மாவின் நெற்றி இதே சூட்டில்தான் இருந்தது.

"சுடுது" என்றேன். யாரிடம் என்று இல்லை.

பின்னாலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. என் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது, நகக்கண்ணெல்லாம் சேறோடு. நனைத்த துண்டை மடித்துக் கலயத்தின் மேல் போட்டு, நாலு பக்கமும் பொத்தினாற்போல் வைத்துவிட்டுப் போனது.

"குடிக்கிற தண்ணியவா ஊத்துனீங்க? புள்ளைங்களுக்கு என்ன குடுப்பீங்க?" என்றார் மாமா.

துண்டு காயக் காய அந்தக் கை வந்தது. மூன்று தடவை வந்தது. நான் திரும்பவில்லை. மார்க்கும் ஏற்றவில்லை. பரீட்சை அழுகையில், துண்டு பாடத்திட்டத்தில் இல்லை.

இரண்டு மணிக்கு மேல், போனது போலவே சத்தமில்லாமல் தண்ணீர் திரும்பி வந்தது. படகு ஒருமுறை அசைந்தது. கம்பு அங்கிள் எழுந்து நின்றார். மாமா கடிகாரத்தைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், முகம் வெளுத்தார்.

"மாப்ள, இப்ப குளிகை. குளிகையில செஞ்சது மறுபடியும் நடக்கும். சாவுக் காரியத்த இப்பப் பண்ணவே கூடாது. மூன்றரை வரைக்கும் இருப்போம்."

இன்னொரு சாவு என்றதும் நான் தம்பியைப் பார்த்தேன். பிறகு என்னைப் பற்றி யோசித்தேன். அப்பாவைப் பற்றி யோசித்ததாக நினைவில்லை.

"போதும் மச்சான்" என்றார் அப்பா. காலையிலிருந்து அவர் பேசிய இரண்டாவது பேச்சு. குரல் கட்டியிருந்தது. தண்ணீர் குடிக்காததால் என்று நினைத்தேன். "அவளுக்கு வெயில் ஆவாது."

மாமா குடையை மடக்கினார். ஆழத்துக்குப் போனதும் தம்பியை எழுப்பி, பாலை ஊற்றி, பூவைப் போட்டு, கலயத்தைச் சாய்த்தார்கள். கொஞ்ச நேரம் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. பிறகு எல்லாத் தண்ணீரையும்போல ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, அப்பாவின் சைபரைச் சிவப்புப் பேனாவால் இன்னொரு தடவை அழுத்தி வரைந்தேன். பக்கத்திலேயே 'போட் ஓட்டத் தெரியாது' என்றும் எழுதினேன்.

மாமா பயந்தபடி குளிகை உடனே ஒன்றும் செய்யவில்லை. அதே காரியத்துக்காக நாங்கள் மறுபடி அந்தப் படித்துறைக்குப் போக நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. போன வருடம், கலயத்தில் அப்பாவோடு.

இந்த முறை எல்லாம் சரியாக நடந்தது. பெட்டாலிங் ஜெயாவில் பெரிய வேலையில் இருக்கும் தம்பி, தண்ணீர் ஏறும் நேரம், ராகு காலம் இரண்டையும் கைப்பேசியிலேயே பார்த்து வைத்திருந்தான். வாடகைப் படகில் ஆழம் காட்டும் பெட்டி இருந்தது. அது எண்ணைக் காட்டியது, ஒன்றும் கத்தவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு வந்துவிட்டோம். எங்கேயும் நிற்கவில்லை. நான் கொண்டுபோன ஈரத்துண்டு பையிலேயே இருந்தது.

படித்துறை நாற்காலியில் கம்பு அங்கிள் காத்திருந்தார். இப்போது அவர் கையில் இருப்பது ஊன்றிக்கொள்ளும் கம்பு. அவருக்குப் பாலில்லாத் தேநீர், தே ஓ, வாங்கிக் கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக அந்த நோட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"சைபரா?" என்றார்.

"அப்பா அம்மாவுக்காக அழவே இல்ல, அங்கிள்."

"நீ திரும்பிப் பாத்தியா?"

கையிலிருந்த மிச்சச் சில்லறையை எண்ணினேன்.

"நான் முன்னாடி நின்னு முட்டி முட்டின்னு கத்துறேன். உங்கப்பாவுக்குக் கேக்கல. கண்ணு தெரிஞ்சாத்தான லா ஓட்டுறதுக்கு? அப்படி அழுதுக்கிட்டு வராரு. சேத்துல நின்னப்பவும் அங்கயே குந்திக்கிட்டு அழுதாரு, நீங்க யாரும் பாக்கக் கூடாதுன்னு. என்னப் பாத்து, சொல்லாதடான்னு கைய காட்டுனாரு. நானும் சொல்லல."

சமாளிக்க வேண்டுமே என்று, "அப்ப மார்க்க மாத்திப் போட்டுடவா அங்கிள்? பத்துக்குப் பத்து?" என்றேன்.

அவர் தே ஓவை ஊதி ஊதிக் குடித்து முடித்தார்.

"அழுததெல்லாம் சரி லா. போட்ட கொண்டு போயி சேத்துல ஏத்துனாருல்ல? சைபர்தான் கரெக்ட்டு."