ராசாவின் பக்கம் பேசிய அக்கா

எங்கள் வீட்டுக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் வந்தால் அப்பா அதைத் தொடமாட்டார். மேசையில் அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். விசா நீட்டிப்பு, வாடகை உதவி, மாமாவின் வேலை அனுமதி என்று எல்லா அன்ட்ராக்கையும், அதாவது விண்ணப்பப் படிவத்தையும், நிரப்பிக் கொடுத்தவள் அவள்தான். வயது பதினான்கு. அலுவலகம் மறுத்து எழுதினால் சளைக்காமல் இன்னொன்று எழுதுவாள். நாங்கள் இருந்த டுசல்டோர்ஃபில் அவளுக்குப் பயந்த அலுவலகங்கள் இருந்தன என்று நான் உறுதியாக நம்பினேன்.

அந்த வருடம் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளின் பட்டிமன்றம். ஊர் அரசியலைத் தொட்டால் மண்டபத்தில் கதிரை பறக்கும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். ஆகவே யாருக்கும் கோபம் வராத தலைப்பாக அமெரிக்காவைப் பிடித்தார்கள். அங்கிருந்த குடியேற்றங்கள் இங்கிலாந்து ராசாவை விட்டுப் பிரிந்தது சரியா, பிழையா? பக்கம் பிரிக்கச் சீட்டுக் குலுக்கியபோது அக்கா எடுத்த துண்டில் ‘பிழை’ என்று இருந்தது.

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. விடுதலை வேண்டும் என்று எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த சனத்துக்கு முன்னால் தன் மகள் ராசாவுக்கு வக்காலத்து வாங்குவதா?

“சனம் என்ன கதைக்கும் பிள்ளை? பக்கத்தை மாத்தச் சொல்லி ரீச்சரிட்ட நான் கேக்கிறன்.”

“ஏலாது அப்பா. துண்டு எடுத்தா எடுத்ததுதான்.”

அம்மாவின் தமையனான மாமா எங்களோடுதான் இருந்தார். உணவகச் சமையலறையில் வேலை, கதைப்பது குறைவு. விழாக்களுக்கு வரமாட்டார், வந்தாலும் கடைசிக் கதிரை. சிலர் அவரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவர் கூச்சக்காரர், அதனால்தான் என்று நினைத்திருந்தேன். நாங்கள் ஊருக்குப் போன விடுமுறையிலும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றுவிட்டார். பட்டிமன்றத்தைப் பற்றி அவர் கேட்டது ஒன்றுதான்: “எத்தனை மணிக்குத் தொடங்குது?”

விழாவன்று எதிரணி அண்ணாமார் விடுதலை, விடுதலை என்று முழங்க மண்டபம் கைதட்டியது. அக்கா எழுந்ததும் முன்வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டார். அவள் ராசாவைப் புகழவேயில்லை.

“சட்டம் பிழையென்றால் மனு எழுதலாம். பதில் வராவிட்டால் இன்னொரு மனு எழுதலாம். தெருவில் கூடிய சனம் பிழையென்றால் யாருக்கு எழுதுவது?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் நிறுத்தவில்லை.

“பிரிய வேண்டாம் என்றவர்களும் அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள்தான். அயலவர்களே அவர்கள் உடம்பில் தார் பூசினார்கள். வீடுகளைப் பறித்தார்கள். நாடு விடுதலை பெற்றபோது அவர்கள் கப்பலேறி அகதியாகப் போனார்கள். எங்கே தெரியுமா? கனடாவுக்கு.”

மண்டபம் சிரித்தது. கனடாவில் ஆள் இல்லாத குடும்பம் அங்கே ஏது? பிறகு சிரிப்பு தானாக நின்றுபோனது. கையைக் கட்டியிருந்தவர் கையை எடுத்து மடியில் வைத்தார். அக்கா நின்ற நிலை இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. எத்தனையோ பெரிய மனிதர்களின் பேச்சைக் கேட்டுவிட்டேன். அன்றைய அக்காவுக்கு உறைபோடக் காணாது.

நடுவர் எதிரணிக்கே தீர்ப்புச் சொன்னார். அம்மா பார்த்தபோது மாமா வந்து இருந்த கடைசிக் கதிரை வெறுமையாக இருந்தது. மாமாவைக் கூட்டிவர என்னை அனுப்பினார். அவர் கார் நிறுத்துமிடத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு, யூன் மாத வெயிலில், குளிர் என்றார்.

“பிள்ளை, அந்தக் கனடாவுக்குப் போன ஆக்கள்... அவையளைப் பிறகு ஊருக்குள்ள விட்டவையோ?”

சண்டை வேண்டாம், முதலில் பேசிப் பார்ப்போம் என்று ஊர்க் கூட்டமொன்றில் எழுந்து சொன்னதற்காகத் துரோகிப் பட்டம் வாங்கி ஓடிவந்தவர் மாமா. அதை அம்மா எனக்குச் சொன்னது, அவர் செத்து, அவரை டுசல்டோர்ஃபிலேயே எரித்துவிட்டு வந்த பிறகு. அன்றைக்கு எனக்கு அவர் அமெரிக்காவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று பட்டது. பசி வேறு.

“தெரியாது மாமா. அக்காவைக் கேளுங்கோ,” என்று சொல்லிவிட்டு, சிற்றுண்டி மேசையில் ரோல்ஸ் முடிவதற்குள் உள்ளே ஓடினேன். அவர் தன்னிடம் அதைக் கேட்கவேயில்லை என்று அக்கா இப்போது சொல்கிறாள்.