பீப்பாயில் செருகிய ஊதுபத்தி

வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் என் மேசைமேல் கைப்பிடி வைத்த ஒரு கனத்த கண்ணாடிக் குவளை இருக்கிறது. வெளிப்புறமெல்லாம் பள்ளம் பள்ளமாகக் குழித்த இங்கிலீஷ் பீர்க் குவளை. பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் இருந்தவரை அம்மா அதை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிடுவார். அதனால்தான் இங்கே கொண்டுவந்தேன். கேட்பவர்களிடம், "பீர் கிளாஸ். இதுல நான் குடிச்சிருக்கேன்" என்று சொல்லிவிடுகிறேன். கொடுத்தவர் மாஸ்டர்.

தொண்ணூறுகளின் கடைசியில், வேதியியல் படித்து முடித்த கையோடு, ஊரின் ஓரத்தில் இருந்த ஒரு பீர் ஆலையின் லேபில் சேர்ந்தேன். அங்கே பீர் தயாரிப்புக்குத் தலைவராக இருந்தவரைத்தான் மாஸ்டர் என்போம். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், இளமையில் இரண்டு வருஷம் இங்கிலாந்தில் தொழில் படித்தவர். தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியின் மாதிரியையும் நான் பார்க்க வேண்டும்: நிறம், தெளிவு, மணம், புளிப்பு, கசப்பு. கடைசி மூன்றுக்கும் மூக்கும் நாக்கும்தான் கருவி. ஆனால் சுவைக் குழுவின் தாளில் ஐந்து ஆண்களின் பெயர்கள் மட்டும் அச்சாகியிருக்கும். பாதிப் பேர் மாதிரியைத் தொடாமலே என் குறிப்பைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். என் பெயரையும் சேர்க்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். "பொண்ணு பேரு இருந்தா ஒரு மாதிரியா பேசுவாங்கம்மா" என்றார் மாஸ்டர். கெட்டவர் இல்லை. சங்கடத்துக்குப் பயந்தவர்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. வடிகட்டாமல், வாயு ஏற்றாமல், பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடிருந்து பக்குவப்படுத்தும் பிட்டர் என்ற பொன்னிற இங்கிலீஷ் கசப்பு பீரை இந்த ஊரில் ஊற்ற வேண்டும். முதலாளி இரண்டு பீப்பாய்களுக்குச் சம்மதித்தார். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பப்பில் சுவைக் குழு கூடும். மார்க் நன்றாக வந்தால் மாதாமாதம் தயாரிக்கலாம். ஒரு பீப்பாய் பார்வைக்காகக் கவுன்ட்டர் மேல் ஏறியது. மற்றது குளிர் அறையில் கிடந்தது.

நான்கு நாள் கழித்து, நல்ல கோடை மதியத்தில், பப் திறக்குமுன் உட்கார்ந்தோம். முதலாளிக்கும், மாஸ்டர் உட்பட ஐவருக்கும் பிட்டர். எனக்கு லைம் சோடாவும் மார்க் எழுதும் தாளும். சேல்ஸ் மேனேஜர் ஒரு வாய் உறிஞ்சி முகத்தைச் சுளித்தார், உடனே சரிசெய்துகொண்டார். "எக்ஸலன்ட்! இங்கிலீஷ்காரன் பீருன்னா இப்படித்தான் சுள்ளுன்னு இருக்கும். எட்டு போடும்மா." மற்றவர்களும் எட்டு. மாஸ்டர் தன் சொந்தக் குவளையை நெடுநேரம் முகர்ந்தார், குடித்தார், என்னைப் பார்க்காமல் "ஒன்பது" என்றார்.

எனக்கு அந்த வாசனை தெரியும். காடி. பீப்பாயைப் பார்த்தேன். சாமந்தி மாலை, குங்குமப் பொட்டு. அது அளவாக மட்டும் மூச்சு விடுவதற்காக மேல்துளையில் செருகும் சின்ன மரக்குச்சியைக் காணோம். அந்தத் துளையில் எரிந்து முடிந்த ஊதுபத்தி நின்றது, சுற்றிலும் சாம்பல். வந்த அன்றே பூஜை போட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளி வழியே நான்கு நாளாகக் காற்று உள்ளே போய்ப் பீரைப் புளிக்க வைத்திருக்கிறது.

சோடாவை நகர்த்திவிட்டு மாஸ்டரின் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தேன். "புளிச்சுப் போச்சு சார். ரெண்டுக்கு மேல போட முடியாது."

"ஏனம்மா, நீவு குடீதீரா?" நீங்கள் குடிப்பீர்களா என்று முதலாளி கன்னடத்தில் கேட்டார்.

"வீட்ல சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற மாதிரி பார்த்துடுச்சு சார் பாப்பா" என்று சேல்ஸ் மேனேஜர் சிரித்தார்.

"ஆமா சார். ரெண்டு வருஷமா உங்க பாட்டிலுக்கெல்லாம் உப்புப் பார்க்கிறது இந்த நாக்குதான். தாள்லதான் உங்க பேரு."

வேலை போகலாம் என்பது பாதி வாக்கியத்திலேயே தெரிந்தது. முழுசாகச் சொன்னேன்.

மாஸ்டர் என் தாளில் விரலை வைத்தார். பிறகு, "என் ஒன்பதை வெட்டும்மா. அவ சொல்றது சரி சார். எனக்கும் தெரிஞ்சுது" என்றார். எழுந்துபோய்க் குளிர் அறையில் இருந்த பீப்பாயைத் தானே திறந்தார். குவளையைக் கழுவி, நிரப்பி, முதலில் என்னிடம் நீட்டினார்.

அதில் மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. சாத்துக்குடித் தோலைக் கிள்ளியதுபோல் ஒரு மணம், பிறகு பிஸ்கட்டின் மெல்லிய இனிப்பு, விழுங்கிய பின்னும் நாக்கடியில் நிற்கும் வெந்தயக் கசப்பு. ஒன்பது என்று எழுதி, ஐந்து பெயர்களுக்கும் கீழே என் பெயரை எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை.

"நுரை இல்ல, கூலிங் இல்ல. யாரும்மா வாங்குவாங்க?" என்று முதலாளி தமிழுக்கு மாறிச் சொன்னார். திட்டம் அன்றே முடிந்தது. மாஸ்டரின் ஆசையை நான் கெடுத்துவிட்டதாக சேல்ஸ்காரர்கள் பல மாதம் பேசினார்கள். பேசட்டும். காடிக்கு எட்டும் ஒன்பதும் வாங்கி அந்த ஆசை பிழைத்திருக்க வேண்டாம். ஐந்து பெயர்களோடு வந்த ஒவ்வொரு தாளிலும் அதன்பின் ஆறாவதாக என் பெயரைப் பேனாவால் எழுதினேன். மாஸ்டர் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். நான் வேலையை விட்ட அன்று குவளையைக் கொடுத்து, "அன்னிக்கு ஒன்பதுன்னு சொன்னது இன்னும் வாயில புளிக்குதும்மா" என்றார்.

போன வாரம் வெளிநாட்டு விருந்தினர்கள் வந்தார்கள். அதற்கு முன் என் மேலாளர் மேசைப் பக்கம் வந்து, குவளையைச் சுட்டி, "இதைக் கொஞ்சம் உள்ள வெச்சிடுங்களேன்" என்றார்.

பேனாக்களை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன். குவளை மேசைமேலேயே இருந்தது.