இசக்கிதுரையின் பால்ரஸ் குண்டு

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பழைய கார்களுக்கு டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், வைப்பதில் இசக்கிதுரைக்கு நல்ல பேர். ஐம்பத்திரண்டு வயதில் அவர் சேர்த்த சொத்தும் அது ஒன்றுதான். பேரைவிட வாய் கொஞ்சம் பெரிது.

டைமிங் வைக்கும்போது, கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி அடைக்க வேண்டும். வண்டி ஓட ஓட ஸ்பார்க்கை முந்தவைப்பது அந்தக் குழாய்தான்; அடைபட்டே கிடந்தால் பெட்ரோல் வீணாகும், எஞ்சின் சூடேறும். மற்றவர்கள் அதில் துணியைத் திணிப்பார்கள். இவர் சைக்கிள் சக்கரத்துப் பால்ரஸின் இரும்புக் குண்டு ஒன்றை உள்ளே தள்ளுவார். முடிந்ததும் விரலால் பிதுக்கி எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். பிதுக்க மறந்த ஒரே வண்டி பஞ்சாபகேசனின் அம்பாசடர்.

ஆபீஸராக இருந்து ரிட்டையரான அந்த மனிதர் ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். "பெட்ரோலாக் குடிக்கறது, சூடேறது. டைமிங்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?"

"நான் வச்ச டைமிங்லயா? கார்புரேட்டரப் பாருங்க சார்" என்று இசக்கிதுரை பக்கத்துக் கடையைக் கைகாட்டினார்.

அது காசிமின் கடை. கார்புரேட்டர் வேலை மட்டும் பார்ப்பவர். மறுபேச்சுப் பேசாமல் பிரித்துக் கழுவி மாட்டினார். நாலு நாளில் வண்டி மறுபடி வந்தது. மறுபடி பிரித்தார். "என் கையிலதான் பிசகு சார், மன்னிச்சுக்கிடுங்க" என்றார். இசக்கிதுரை கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

மூன்றாம் தடவை வண்டி வந்தபோது காசிம் தொழுகைக்குப் போயிருந்தார். பஞ்சாபகேசன் டீ குடிக்கப் போனார். இசக்கிதுரைக்கு மனசு உறுத்தியது. பானெட்டைத் திறந்து குழாயை அமுக்கிப் பார்த்தார். குண்டு தட்டுப்பட்டது. அவசரமாகப் பிதுக்கிப் பையில் போட்டு, குழாயை மாட்டி, பானெட்டை மூடினார். யாரும் பார்க்கவில்லை.

பிரிப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று காசிம் சொல்ல, பஞ்சாபகேசன் பக்கத்திலிருக்கும் சயான் வரை போய்வந்தார். "அமர்க்களமாப் போறதே! சரி பண்ணிட்டியே காசிம்."

"நான் இன்னும் தொடவே இல்லியே சார்."

"முன்னாடி பண்ணினது இப்பதான் செட் ஆயிருக்கு" என்று சிரித்துக்கொண்டே அவர் கிளம்பிவிட்டார்.

காசிம் இந்தப் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதும் தொட்டியளா அண்ணாச்சி?"

"இல்ல பாய்." வாயில் தானாக வந்துவிட்டது.

"அல்லா காப்பாத்திட்டான். கை போயிட்டுன்னு நெனச்சி, கடையை விட்டுரலாமான்னு வீட்டுல பேசிட்டேன்."

இசக்கிதுரைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருபது வருஷமாகப் பக்கத்தில் இருக்கும் மனுஷன். பையிலிருந்து குண்டை எடுத்துக் காசிமின் மேஜையில் வைத்தார். "குழாய்க்குள்ள கிடந்துச்சு. நான் வச்சது, பாய்."

காசிம் குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சாருகிட்ட மன்னிப்புக் கேட்டவன் நானுல்லா, அண்ணாச்சி" என்றார்.

இசக்கிதுரை போனை எடுத்தார். மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பஞ்சாபகேசனின் நம்பரைக் காசிம்தான் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது.