நார்மா கிள்ளிய செடிகள்

என் மனைவி நார்மா ஒரு திருடி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முப்பத்தைந்து வருஷம் கார் ஓட்டிக்கொண்டு அவளுக்குத் துணைபோனவன் நான். கடையில் ஒரு குண்டூசியைக்கூட எடுத்தவளில்லை. ஆனால் பழைய பிரபுக்களின் மாளிகைத் தோட்டம் ஒன்றைக் கண்டுவிட்டால் போதும், கை சும்மா இருக்காது. அதற்கென்றே கட்டைவிரல் நகத்தை வளர்த்து வைத்திருந்தாள். ஒரே கிள்ளு. கிள்ளிய கொழுந்து கைப்பைக்குள் ஈரப் பஞ்சில் போய் ஒளிந்துகொள்ளும். இவள் ஒன்றுமறியாத முகத்தோடு நீரூற்றை வேடிக்கை பார்ப்பாள்.

வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கு பரிமாறுகிறவள். விடுமுறை வந்தால் முட்டை சாண்ட்விச், பிளாஸ்க்கில் டீ, பின்சீட்டில் எங்கள் மகள் டெஸ்ஸா என்று கிளம்பிவிடுவோம். இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷையர் வட்டாரத்தில் டிக்கெட் வாங்கி உள்ளே போகக்கூடிய மாளிகைகளில் நாங்கள் பார்க்காதது இல்லை. மாளிகைக்குள்ளே அவள் நிற்க மாட்டாள். "செத்துப்போன பிரபு மூஞ்சியெல்லாம் பாத்து நமக்கு என்ன ஆகப்போகுது, வா கிளிஃப்" என்று என்னைப் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு இழுத்துவிடுவாள். திருடின செடிதான் தழைக்கும் என்பது அவள் வேதம். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு அதே வேதம்தான், ஒருத்தியும் வெளியே சொல்ல மாட்டாள். எட்டடி அகலமுள்ள எங்கள் கொல்லையில் ஏழெட்டு மாளிகைகளின் செடிகள் பூத்தன. யார் கேட்டாலும் அள்ளிக் கொடுப்பாள்.

டெஸ்ஸா இருபத்தேழு வயதில் ஆபீஸ் வேலையை உதறிவிட்டுத் தோட்டக்கலை படித்து, இந்த மார்ச்சில் எல்ஸ்கோட் மாளிகைத் தோட்டத்தில் சேர்ந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். ஜூனில் நாங்கள் அவள் வேலையைப் பார்க்க வருவதாகச் சொன்னபோது போனில் தயங்கினாள்.

"அம்மா, கோவிச்சுக்காத. தலைமைத் தோட்டக்காரர் மிஸ்டர் காட்வினுக்குச் செடி கிள்றவங்களக் கண்டாலே ஆகாது. போன மாசம் ஒரு அம்மாவ வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் வெளிய அனுப்பிட்டாரு. நீங்க வாங்க. ஆனா, சும்மா சுத்திப் பாக்க வந்தவங்க மாதிரி வாங்களேன்."

"நான் உன் அம்மான்னு தெரியக் கூடாது. அதானே?"

"இந்த ஆறு மாசம் முடியற வரைக்கும்தான்மா."

"சரி கண்ணு" என்று போனை வைத்தாள் நார்மா. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பெத்த தாயப் பாத்துச் சொல்ற பேச்சா இது?" என்று குதித்தேன்.

"விடு கிளிஃப். அவ கேக்கறது நியாயம்தான். என் கையப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றவள், நகவெட்டியை எடுத்து அந்தக் கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டினாள். நான் பேப்பரைப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அந்த வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பைக்குள் விட்டபடி நடந்தாள் நார்மா. மதிலோரப் பாத்தியில் பச்சைச் சட்டையோடு டெஸ்ஸா மண்டியிட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, வருகிறவர்களுக்கெல்லாம் சிரிக்கும் சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள்.

"தோட்டத்த நல்லா வச்சிருக்கீங்க" என்றாள் நார்மா, பெற்ற மகளைப் பார்த்து.

பாதைக்கு எதிர்ப்புறம் சின்ன கார்னேஷன் வகைகள் வரிசையாகப் பூத்திருந்தன. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வெறும் மண். அதில் ஒரு பெயர்ப்பலகை மட்டும் நின்றது. அங்கே தள்ளுவண்டியோடு வந்த நெட்டை மனிதர்தான் காட்வின். நார்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க, இந்த இடம் மட்டும் ஏன் காலியா கெடக்கு?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "இந்தத் தோட்டத்துலயே உண்டான பூவுங்க. வெள்ளையா, நடுவுல கருஞ்சிவப்பு வட்டம். அப்படியே கிராம்பு வாசம். ஒம்பது வருஷம் முன்ன மழைத்தண்ணி தேங்கி மொத்தமும் அழுகிருச்சு. கேக்காத எடமில்ல, யார்கிட்டயும் இல்ல. பலகையப் புடுங்க மட்டும் மனசு வரல."

நார்மாவின் ஒரு கை கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்து என் சட்டையைப் பிடித்தது. அந்தப் பூ எங்கள் சமையலறைக் கதவோரம் பூத்துக் கிடந்தது. டெஸ்ஸாவுக்கு ஏழு வயதானபோது இங்கிருந்து கிள்ளி வந்தது. பழைய செடி சோர்ந்துபோகும் என்று மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுக் கிளை கிள்ளி நட்டு, பிள்ளைபோல் காப்பாற்றி வந்தாள். இப்போது வாயைத் திறந்தால் தானே திருடி என்று ஆகிவிடும். யாருடைய அம்மா என்ற கேள்வி வரும். மகள் பிழைப்பில் மண். திறக்காவிட்டால் உலகத்தில் அந்தச் செடி எங்கள் கொல்லையோடு சரி.

அவள் குனிந்து அந்தப் பலகையிலிருந்த பெயரைப் படித்தாள்.

"பாவம், அழகா இருந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். கண் நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் நானே போட்டு உடைத்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

"மிஸ்டர் காட்வின்!"

டெஸ்ஸா எழுந்து நின்றாள். முழங்காலெல்லாம் மண்.

"அந்தச் செடி எங்க வீட்ல இருக்கு."

"எங்க வீடுன்னா?"

"இவங்க எங்க அம்மா. இருவத்திரெண்டு வருஷம் முன்ன இங்கேருந்து கிள்ளிட்டுப் போனாங்க. யாராவது வர்றாங்களான்னு பாத்துக்கிட்டு நின்னது நான்தான்."

காட்வின் நார்மாவைப் பார்த்தார், டெஸ்ஸாவைப் பார்த்தார், அந்தப் பலகையைப் பார்த்தார்.

"எத்தன செடி இருக்கு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு" என்றாள் நார்மா.

அவர் தள்ளுவண்டி விளிம்பிலேயே உட்கார்ந்து தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டெஸ்ஸா, நாளைக்கு வேலைக்கு வர்றப்ப உங்க அம்மாவையும் கூட்டிட்டு வா. அவங்க கையாலயே நடட்டும்."

நார்மா அதைக் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"முதல்ல ஒண்ணு சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு."

"செடி வீட்ல இருக்குன்னா?"

"அதில்ல. அதுக்கப்புறம்."

டெஸ்ஸா மண் ஒட்டிய கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டாள். "எங்க அம்மான்னு சொன்னேன்."