ஏழு பேருக்கான லிப்ட்

துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்பார்கள். பயமில்லை என்று யாரும் சொன்னதில்லை. லிப்ட் அக்காவுக்குப் பயம் எப்போது வந்தது, துணிவதற்கு முன்பா, ஜெயித்த பிறகா? அவளுடைய தம்பி இன்றும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

பதினாறு வருடம் இன்னொருவரிடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு, தம்பியையும் நான்கு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு அவள் தனிக்கம்பெனி தொடங்கியிருந்தாள். அப்போது வந்தது அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடம். முந்தைய வருடம் அதன் லிப்ட் அறுந்து விழுந்து, எட்டாம் மாடிப் பெரியவர் ஒருவர் உள்ளேயே இறந்திருந்தார். பெரிய கம்பெனிகள் கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொண்டன. இவள் ஒப்புக்கொண்டாள். சரியாக முடிந்தால் அதே முதலாளியின் ஒன்பது கட்டடங்களும் அவளுக்கு. பிசகினால் ஊரில் யாரும் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

கயிறு முதல், வேகம் மீறினால் இரும்புத் தடத்தைக் கவ்விப் பிடிக்கும் அமைப்புவரை எல்லாவற்றையும் புதிதாக மாற்றினாள். கடைசிச் சோதனையை மணல் மூட்டைகளை ஏற்றித்தான் செய்வார்கள். ஆளுக்கு மூன்று மூட்டைக் கணக்கில், எட்டுப் பேருக்கு இருபத்துநான்கு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"மூட்டைக்கு உயிர் போறதில்லையேம்மா. இது ஓடினாலும் நாங்க படியிலதான் ஏறுவோம்."

அக்கா ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். "மூணு மூட்டைய எறக்குங்க. அந்த எடத்துல நான் நிக்கிறேன்."

மேலே இயந்திர அறையில் பிரேக்கை விடுவிக்க வேண்டியவன் தம்பி. அவன் லிப்ட் வாசலை மறித்தான். "மாமாவுக்கு நான் என்னக்கா பதில் சொல்றது?"

"ஜெயிச்சோம்னு சொல்லு."

அவள் உள்ளே கால் வைத்ததும் அதிக எடைக்கான மணி அடித்தது. வெளியே வந்தாள், நின்றது. மறுபடி ஏறினாள், மறுபடி அடித்தது. எடை காட்டும் கருவியைக் காலையில்தான் தம்பி சரிபார்த்திருந்தான். மூட்டைகளை எண்ணினார்கள்; இருபத்தொன்றுதான். தான் பூசணிக்காயாய்ப் பெருத்துவிட்டதாக அக்கா சொன்ன நகைச்சுவைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னும் மூன்று மூட்டையை இறக்கினார்கள். மணி அடங்கியது. கதவு மூடிக்கொண்டது.

தம்பி மேலே போய், பெட்டியைப் பத்தாம் மாடிக்கு ஏற்றிப் பிரேக்கை விட்டான். கயிறு சீறியது. பிறகு இரும்பை இரும்பு கவ்வும் அலறல். பிறகு ஒன்றுமில்லை. கையால் சக்கரத்தைச் சுற்றி, பெட்டியை எட்டாம் மாடி மட்டத்துக்கு ஏற்றிவிட்டுக் கீழே ஓடினான்.

கதவு திறந்தபோது அக்கா மூலையில் ஒடுங்கி நின்றிருந்தாள். உடனே வெளியே வரவில்லை. ஒதுங்கி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வயதானவருக்கு வழிவிடுவதுபோலச் சற்று நேரம் காத்திருந்தாள்.

"எல்லாரும் எறங்கியாச்சா?" என்று மெல்லக் கேட்டாள். பிறகுதான் வெளியே வந்தாள். செயலாளர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பது கட்டடங்களும் கிடைத்தன. ஆறே வருடத்தில் நாற்பது பேர் அவளிடம் வேலை செய்தார்கள். வியாபாரிகள் கூட்டங்களில் அவளுடைய துணிச்சலைப் பாடமாகச் சொன்னார்கள். இரும்பு கவ்வாமல் போயிருந்தால் அதே செயலுக்கு மடத்தனம் என்று பெயர் வைத்திருப்பார்கள். அவள் அந்தக் கூட்டங்களுக்குப் போனதில்லை.

அதன்பின் அவள் போட்ட எட்டுப் பேர் லிப்ட் ஒவ்வொன்றிலும் 'ஏழு நபர்' என்றே பலகை மாட்டினாள். அதனால் இரண்டு பெரிய ஓட்டல்கள் கைவிட்டுப் போயின. எட்டுப் பேர் பெட்டிக்கு ஏழு என்று எழுதினால் எவன் வாங்குவான் என்று தம்பி சண்டைக்கு நின்றான். அவள் அவனை நிமிர்ந்து பார்க்காமல், அடுத்த பலகைக்கான தாளில் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.